படம் எடுக்கப் பழகுகிறவருக்கு: இருட்டறையா, டிஜிட்டலா?

படம் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர் முதலில் கேட்பது "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: எந்த வழியில் பழகப் போகிறோம்? கையில் ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறது. பழைய டிஜிட்டல் கேமராக்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. பிலிம் கேமராவை மறுபடி கையில் எடுக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். சிலருக்கு இன்னும் ஒரு படி மேலே போய், சிவப்பு விளக்கின் கீழ் தாங்களே பிரிண்ட் போட வேண்டும் என்ற ஆசை.

இந்த வழிகள் எல்லாமே நல்ல படத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் பழகுகிறவருக்கு அவை தரும் பாடங்கள் வேறு. ஒவ்வொரு வழியிலும் தவறு எப்போது தெரிகிறது, அதன் காரணத்தை எவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்க முடிகிறது, திருத்திக்கொள்ள எவ்வளவு செலவாகிறது என்ற மூன்றையும் வைத்து எடைபோட்டால் தேர்வு தெளிவாகிவிடும். படத்தின் தரம், பிலிமின் அழகு, டிஜிட்டலின் வசதி என்று நடக்கும் வாதங்கள் தொடக்கக்காரருக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

எந்த வழியிலும் மாறாதது

பிலிமோ சென்சாரோ, எதன்மேல் விழுந்தாலும் ஒளி ஒளிதான். அதை அளந்து உள்ளே விட மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. லென்ஸின் திறப்பு அபர்ச்சர். திறந்திருக்கும் நேரம் ஷட்டர். பிலிம் அல்லது சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ. அபர்ச்சர் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும். ஷட்டரை 1/125-லிருந்து 1/250-க்கு மாற்றினாலும் ஒளி பாதியாகும். ஐஎஸ்ஓ 200-லிருந்து 400-க்குப் போனால் பாதி ஒளியே போதும். இந்த ஒரு படிக்குத்தான் 'ஸ்டாப்' என்று பெயர்.

எஃப் 8, 1/125 என்று எடுத்தாலும் எஃப் 5.6, 1/250 என்று எடுத்தாலும் உள்ளே வரும் ஒளி ஒன்றே. ஆனால் படம் ஒன்றல்ல. முதலாவதில் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் ஆழம் கூடுதல். இரண்டாவதில் ஓடுகிறவரின் கால் உறைந்து நிற்கும். இதில் எது வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் கலை. இதை எந்த வழியில் கற்றாலும் மற்ற வழிக்கு அப்படியே எடுத்துச் செல்லலாம்.

வெயில் நாளில் மீட்டரே தேவைப்படாத பழைய விதி ஒன்று உண்டு. அபர்ச்சரை எஃப் 16-ல் வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழுக்கு மிக அருகில் உள்ள வேகத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. 400 என்றால் 1/500. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேமராவின் மீட்டர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பழகினால், சில வாரங்களில் கண்ணே ஒளியை அளக்கத் தொடங்கும்.

கேமரா மீட்டரின் குணத்தையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அது கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி கட்டியவரைச் சட்டகம் நிறைய எடுத்தால் வேட்டி சாம்பலாகும். ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். கருங்கல் சிற்பத்தை எடுத்தால் கல் வெளுக்கும். ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் கையில் மீட்டர் எதுவும் இல்லை. வெயிலையும் கல்லையும் பார்த்தே நேரத்தை முடிவு செய்தார்.

நான்கு வழிகள்

முதல் வழி: போன். செலவே இல்லை, எப்போதும் கையில் இருக்கிறது. சட்டகம் அமைப்பது, ஒளி வரும் திசையைக் கவனிப்பது, சரியான நொடிக்குக் காத்திருப்பது ஆகியவற்றுக்கு நல்ல பயிற்சி. ஆனால் பெரும்பாலான போன்களில் அபர்ச்சர் மாறாது. நீங்கள் ஒருமுறை தட்டினால் போன் பல பிரேம்களை எடுத்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. படம் நன்றாக வரும்; ஏன் நன்றாக வந்தது என்பது மறைந்துவிடும். 'ப்ரோ' முறைக்கு மாற்றினால் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கைக்கு வரும். போனோடு நிற்க நினைப்பவர்கள் அந்த முறையிலேயே பழகுவது நல்லது.

இரண்டாவது வழி: முழுக்கக் கையால் இயக்கக்கூடிய டிஜிட்டல் கேமரா. புதியதே வேண்டும் என்பதில்லை. ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள, சில ஆண்டுகள் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் இருந்தால் போதும். அந்தச் சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், பழைய பிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் தரும் காட்சியைக் கிட்டத்தட்டத் தருகிறது.

மூன்றாவது வழி: பிலிமில் எடுத்து, வீட்டிலேயே ரோலைக் கழுவி, நெகட்டிவை ஸ்கேன் செய்துகொள்வது. இதற்கு இருட்டறை தேவையில்லை என்பது பலருக்கும் தெரியாது. வெளிச்சம் புகாத கைப்பை ஒன்றுக்குள் ரோலைச் சுருளில் ஏற்றித் தொட்டியில் வைத்து மூடிவிட்டால், மீதி வேலை முழுவதையும் சமையலறை மேடையில் பகல் வெளிச்சத்தில் செய்யலாம்.

நான்காவது வழி: முழு இருட்டறை. நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர், சிவப்பு விளக்கு, படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் என மூன்று தட்டுகள், தண்ணீர், காற்றோட்டம். நெகட்டிவிலிருந்து தாளில் நாமே பிரிண்ட் போடுவது.

ரோலை லேபில் கொடுத்து ஸ்கேனாக வாங்கிக்கொள்வதும் நடைமுறையில் இருக்கிறது. ஆசைக்கு ஒரு ரோல் எடுத்துப் பார்க்க அது சரி. கற்கும் வழியாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நீங்கள் குறைவாக ஒளி கொடுத்திருந்தால் ஸ்கேன் செய்பவர் அதைச் சரிக்கட்டி அனுப்பிவிடுவார். தவறு இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

தவறு எப்போது தெரிகிறது, ஏன் தெரிகிறது

டிஜிட்டலில் தவறு அடுத்த நொடியே தெரிகிறது. ஷட்டரை 1/30-ல் வைத்து நடந்துபோகிறவரை எடுத்தால் கலங்கல் உடனே தெரியும். 1/500-க்கு மாற்றி மறுபடி எடுத்தால் வேறுபாடும் உடனே தெரியும். அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றின் விளைவையும் ஒரு மாலைப்பொழுதில் கண்ணால் பார்த்துவிடலாம். எந்த எண்களில் எடுத்தோம் என்பதைக் கோப்பே எழுதி வைத்துக்கொள்கிறது.

பிலிமில் தவறு தெரிய, முப்பத்தாறு படமும் முடிந்து ரோலைக் கழுவ வேண்டும். அதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். குறிப்பேட்டில் படத்தின் எண், அபர்ச்சர், ஷட்டர், வெளிச்சத்தின் நிலை ஆகியவற்றை எழுதி வைக்காவிட்டால், எந்தத் தவறை எப்போது செய்தோம் என்பதே மறந்துபோகும்.

தாமதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிலிமில் ஒரு படம் கெட்டால் காரணம் பலவாக இருக்கலாம்: ஒளி குறைவாகக் கொடுத்திருக்கலாம், டெவலப்பர் பழையதாக இருக்கலாம், தண்ணீர் சூடாக இருந்திருக்கலாம், நாற்பது ஆண்டு பழைய ஷட்டர் மெதுவாக ஓடியிருக்கலாம், ஸ்கேன் சரியில்லாமல் இருக்கலாம். தொடக்கக்காரர் இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் தவிப்பார். டிஜிட்டலில் படம் கெட்டால் காரணம் பெரும்பாலும் எடுத்தவரின் முடிவு ஒன்றுதான். காரணம் ஒன்றாக இருக்கும்போது பாடம் கிடைக்கிறது. ஐந்தாக இருக்கும்போது குழப்பம்தான் மிஞ்சுகிறது.

"பிலிம் நம்மை நிதானமாக்கும், அதனால் முதலிலேயே பிலிமில் தொடங்க வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. நிதானம் உண்மையிலேயே வரும். ஆனால் எதற்காக நிதானிக்கிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். வெளிச்சத்தை எங்கே அளப்பது, எந்த ஆழம் வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்த பிறகு, முப்பத்தாறு படம்தான் என்ற எல்லை ஒரு நல்ல ஆசிரியராகிவிடும்.

பிலிமில் இறங்குகிறவர்கள் நெகட்டிவைப் படிக்கும் வித்தை ஒன்றைக் கட்டாயம் கற்க வேண்டும். பிலிமின் ஓரத்தில் இருக்கும் எண்களும் எழுத்துகளும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஓர எண்கள் அழுத்தமாகக் கறுத்து, படங்கள் மட்டும் வெளிறியிருந்தால் கேமராவில் ஒளி குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஓர எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பரில் குறை. எண்கள் தெளிவாக இருந்து படமே இல்லையென்றால் பெரும்பாலும் ரோல் கேமராவுக்குள் நகரவே இல்லை. எண்களும் இல்லாமல் பிலிம் கண்ணாடிபோல் இருந்தால், டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள்.

ஒளி கொடுப்பதில் நேரெதிர்

இரண்டு வழிக்கும் மாறி மாறிப் போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும். குறைந்த ஒளியைத் தாங்காது. நிழலில் விவரம் பதியாவிட்டால் பின்னால் எதைச் செய்தும் அதை வரவழைக்க முடியாது. ஆகவே பிலிமில் நிழல் பகுதியைப் பார்த்து ஒளி கொடுக்க வேண்டும். வெளிச்சமான பகுதியின் அடர்த்தியைக் கழுவும் நேரத்தால் கட்டுப்படுத்தலாம். ஆன்ஸல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த 'ஸோன் சிஸ்டம்' இந்த அடிப்படையில் எழுந்ததே.

டிஜிட்டலில் இதற்கு மறுபக்கம். சென்சாரின் புள்ளி ஒன்று ஒளியால் நிரம்பி வழிந்துவிட்டால் அங்கே வெறும் வெள்ளைதான். திரும்ப எடுக்க வழியில்லை. நிழலையோ ஓரளவு தூக்கிவிடலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும். ஆகவே டிஜிட்டலில் வெளிச்சமான பகுதியைக் காப்பாற்ற வேண்டும். கேமராவின் பின்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் அது இருட்டாகவும் இரவில் பளிச்சென்றும் தெரிந்து ஏமாற்றும். இருட்டிலிருந்து வெளிச்சம்வரை எவ்வளவு பதிந்திருக்கிறது என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளைப் பகுதி போய்விட்டது என்று பொருள்.

செலவுக் கணக்கு

டிஜிட்டலில் செலவு முன்னால் வருகிறது. பிலிமில் பின்னால் தொடர்ந்து வருகிறது. கேமராவும் லென்ஸும் மெமரி கார்டும் வாங்கிய பிறகு டிஜிட்டலில் ஆயிரம் படம் எடுத்தாலும் கூடுதல் செலவு ஏதுமில்லை. பிலிமில் கேமரா மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு போகிறது. கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றே இன்று பல நூறு ரூபாய். ரசாயனம், தாள் எல்லாம் தனி.

நம் மாநிலத்திலேயே பிலிம் தயாரான காலம் இருந்தது. 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் உதகமண்டலத்தில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது இங்கிலாந்தின் இல்ஃபோர்ட், அமெரிக்காவின் கோடாக் போன்றவற்றையே நம்பியிருக்கிறோம். இறக்குமதிச் செலவும் ரூபாயின் மதிப்பும் விலையில் சேர்ந்துகொள்கின்றன.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி, நூறு அடிச் சுருளாக வாங்கி நாமே சிறிய டப்பாக்களில் ஏற்றிக்கொள்வது. ஒரு சுருளிலிருந்து முப்பத்தாறு படம் கொண்ட பதினெட்டு ரோல் அளவுக்குக் கிடைக்கும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். கலர் பிலிமைத் தொடக்கத்தில் தள்ளி வையுங்கள். அதன் டெவலப்பர் கிட்டத்தட்ட 38 டிகிரியில், மிகச் சிறிய ஏற்ற இறக்கத்துக்குள் இருக்க வேண்டும். கலர் பிரிண்ட் போட முழு இருட்டும் வேண்டும். கறுப்பு வெள்ளை பல பிழைகளை மன்னிக்கும்.

நம் ஊர் வெப்பமும் தண்ணீரும்

பிலிம் கழுவும் பட்டியல்கள் எல்லாம் 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் நீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். வெப்பம் ஏற ஏற நேரம் குறைய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே போனால் பிலிம் சீராகக் கழுவப்படாமல் திட்டுத் திட்டாக வரும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட பேசினில் வைத்து 20 முதல் 24 டிகிரிக்குள் கொண்டுவருவது. மற்றொன்று, டெவலப்பரைச் சம அளவு தண்ணீரோடு கலந்து நேரத்தை நீட்டுவது. அதே எச்பி5-க்கு இந்தக் கலவையில் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் நேரம் குறைந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். டெவலப்பரும் ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கைப்பைக்குள் வியர்க்கும். ஈரம் பட்டால் பிளாஸ்டிக் சுருளில் பிலிம் ஏறாமல் சிக்கிக்கொள்ளும். சுருளை நன்றாகக் காயவைத்து, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, வீணான ஒரு ரோலை வைத்து முதலில் கண்ணைத் திறந்தும் பிறகு கண்ணை மூடியும் பழகுங்கள். கை தானாகப் போகும்வரை உண்மையான ரோலைத் தொடாதீர்கள்.

போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அது பிலிமில் காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்தி, அதில் ஈரம் வழிந்தோடச் செய்யும் திரவத்தைச் சில துளி விடுங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்க இல்ஃபோர்ட் சொல்லும் முறை நமக்கு ஏற்றது: தொட்டியை நிரப்பி ஐந்து முறை தலைகீழாக்கிக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக நிரப்பி இருபது முறை. அவ்வளவில் பிலிம் சுத்தமாகிவிடும்.

ஈரப்பதம் லென்ஸுக்கும் எதிரி. பூஞ்சை பிடித்தால் பிலிம் கேமராவின் லென்ஸும் கெடும், டிஜிட்டலின் லென்ஸும் கெடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். அதைவிட நல்லது, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

இருட்டறை மட்டுமே தருவது

இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாக இருட்டறை தருவது பிரிண்ட். திரையில் பார்க்கும் படத்துக்கு ஓர் அளவு, ஒரு வெளிச்சம் என்று எதுவும் நிலையில்லை. தாளில் விழுந்த படம் முடிவான ஒன்று. அதன் கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளையில் எவ்வளவு விவரம் என்று ஒவ்வொன்றையும் நாம் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் 8×10 அங்குலத் தாளில் ரோல் முழுவதையும் காண்டாக்ட் ஷீட்டாகப் போட வேண்டும். ஆறு ஆறாக வெட்டிய ஆறு துண்டுகள் அதில் அடங்கும். முப்பத்தாறையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது எந்த இடத்தில் அவசரப்பட்டோம், எந்த இடத்தில் இன்னும் ஓரடி முன்னால் போயிருக்கலாம் என்பது பளிச்சென்று தெரியும்.

அடுத்தது டெஸ்ட் ஸ்ட்ரிப். தாளில் ஒரு சிறிய துண்டை வெட்டி, அட்டையால் மறைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை நகர்த்தி ஒளி காட்டுவார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல், அந்தத் துண்டைப் பார்த்தே முழுத் தாளுக்கான நேரம் தெரிந்துவிடும். பிறகு கான்ட்ராஸ்ட். மல்டிகிரேட் தாளில் 00 முதல் 5 வரையிலான ஃபில்டர்களால் அதை மாற்றலாம். எண் கூடினால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான பிளவு கூடும். பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாளுக்கு மல்டிகிரேட் டெவலப்பரில் ஒரு நிமிடம், ஸ்டாப் பாத்தில் பத்து விநாடி, ஃபிக்ஸரில் அரை நிமிடம், ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும்.

முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்க அந்த இடத்தில் ஒளியை மறைப்பதும், வானத்தைக் கறுக்க வைக்க அங்கே கூடுதல் ஒளி விடுவதும் இருட்டறையின் உயிர். போட்டோஷாப்பில் இருக்கும் 'டாட்ஜ்', 'பர்ன்' கருவிகளின் பெயர்கள் இங்கிருந்து போனவையே. கையால் ஒருமுறை செய்து பார்த்தவர் மென்பொருளில் அளவு மீறமாட்டார்.

டிஜிட்டலின் இருட்டறை

டிஜிட்டலில் ஜேபெக் கோப்பாக எடுத்தால் கேமராவே கழுவி, பிரிண்ட் போட்டு, நெகட்டிவைத் தூக்கி எறிந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் மிஞ்சும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் 14 பிட் கேமரா 16,384 படிகள் வரை பதிகிறது. பழகுகிறவர் ராவில்தான் எடுக்க வேண்டும். டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒளி அளவு, வெள்ளைச் சமன், கான்ட்ராஸ்ட், குறிப்பிட்ட இடத்தை மட்டும் வெளுப்பது அல்லது கறுப்பது ஆகிய நான்கை மட்டும் முதல் மாதங்களில் கற்றுக்கொள்ளுங்கள். பிறர் தயாரித்து விற்கும் 'ப்ரீசெட்'களைத் தொடாதீர்கள். அவை உங்கள் கண்ணுக்கு வேலை கொடுப்பதில்லை.

மாதம் ஒருமுறை நான்கைந்து படங்களையாவது நல்ல தாளில் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் பார்த்த பிறகும் பிடித்திருக்கும் படம் உங்கள் படம்.

இரண்டையும் இணைக்கும் ஒரு பாலம்

இருட்டறை அமைக்க வசதி இல்லாதவர்களுக்கு சயனோடைப் ஒரு வரம். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, மங்கலான அறையில் காயவைத்து, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெறும் தண்ணீரில் அலசினால் நீலப் படம் எழும். டிஜிட்டல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்பும் வெள்ளையும் இடம் மாறச் செய்து, ட்ரான்ஸ்பரன்சி தாளில் அச்சிட்டால் அதுவே நெகட்டிவ். என்லார்ஜர் வேண்டாம், சிவப்பு விளக்கு வேண்டாம். நம் ஊர் வெயில் போதும். ரசாயனம் ஒளியைக் கண்டு மாறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டவும் இதைவிட எளிய வழி இல்லை. கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஃபெரிசயனைடை அமிலம், ப்ளீச் எதனோடும் சேர்க்காதீர்கள்.

பழைய பொருள் வாங்கும்போது

டிஜிட்டல் கேமரா: எஃப் 16-ல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சார் கறை தெரியும். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிலிம் கேமரா: பின்கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் இயக்குங்கள். ஒரு விநாடி உண்மையிலேயே ஒரு விநாடியாக இருக்க வேண்டும்; 1/1000-ல் திறப்பே தெரியாமல் போகக்கூடாது. கதவோரத்துக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்தால் ஒளி கசியும். அதை மாற்ற அதிகம் செலவாகாது. 1976-ல் வந்து இருபது ஆண்டுக்கு மேல் தயாரான பென்டாக்ஸ் கே1000 போன்ற முழு மெக்கானிக்கல் கேமரா பழகுவதற்கு மிகவும் ஏற்றது. பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும். மீட்டருக்கு மட்டுமே பேட்டரி. அதைவிடப் பழைய சில கேமராக்கள் இப்போது விற்பனையில் இல்லாத பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை; மீட்டர் சரியாகக் காட்டாமல் போகலாம்.

லென்ஸ் எதுவானாலும் டார்ச் அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. விலை குறைவென்றாலும் வேண்டாம். என்லார்ஜர் தேடுகிறவர்கள் ஊரில் உள்ள பழைய ஸ்டுடியோக்களில் விசாரியுங்கள். மூடிக்கிடக்கும் இருட்டறைகளில் தூசு படிந்து நிற்கும் கருவியைக் கேட்டு வருகிறவருக்கு மகிழ்ச்சியோடு தருபவர்கள் உண்டு. அவர்களிடம் கருவியை மட்டும் வாங்கி வராமல், அரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் கை செய்த வேலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரசாயனமும் கழிவும்

கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டம் உள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ரசாயனம் ஊற்றும் பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடாதபடி பாட்டிலில் பெயர் எழுதி, பூட்டி வையுங்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அது நீர்நிலைகளில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. கிணற்றடியிலும் தோட்டத்திலும் செப்டிக் டேங்கிலும் அதைக் கொட்டாதீர்கள். கேனில் சேர்த்து வைத்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சேமிப்பதிலும் இரண்டு வழிக்கும் வேலை உண்டு. நெகட்டிவை உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் படாமல் வைத்தால் பல பத்தாண்டுகள் இருக்கும்; எந்த மென்பொருளும் இல்லாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். டிஜிட்டல் கோப்புக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படம் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்காதீர்கள்.

யாருக்கு எது

கல்யாணம், செய்தி, விளம்பரம் என்று படத்தைத் தொழிலாக்க நினைப்பவர் டிஜிட்டலையே பிடியுங்கள். நேரமும் பணமும் அதில் போகட்டும். இருட்டறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் மகிழ்ச்சி காண்பவர், அவசரம் இல்லாதவர், மாதத்துக்கு இரண்டு ரோல் செலவைத் தாங்கக்கூடியவர் பிலிமுக்கு வரலாம். அவர்களும் அடிப்படையை டிஜிட்டலில் முடித்துவிட்டு வந்தால் ரோல் வீணாகாது.

பள்ளி மாணவர்களுக்குப் போனும் சயனோடைப்பும் போதும். கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிப்பவர்கள், துறையில் பழைய இருட்டறை ஒன்று பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கேளுங்கள். தனியாளுக்குப் பெரும் செலவாகும் அறை, இருபது பேர் பகிர்ந்துகொண்டால் எளிதாகிவிடும்.

பொதுவாக ஒரு வரிசையைச் சொல்லச் சொன்னால் என் தீர்ப்பு இது. முதல் ஆறு மாதம் ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரே லென்ஸ், எல்லாவற்றையும் கையால் வைக்கும் 'மேனுவல்' முறை. அடுத்த ஆறு மாதம் அதோடு ஒரு மெக்கானிக்கல் பிலிம் கேமரா. ஒரே வகைப் பிலிம், ஒரே டெவலப்பர், வீட்டில் கழுவுவது. ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. இரண்டாம் ஆண்டில் யாருடைய இருட்டறையிலாவது இடம் பிடித்து, உங்கள் நெகட்டிவ்களில் பத்தையாவது தாளில் கொண்டுவாருங்கள். அதன் பிறகு எந்த வழியில் தொடர்வது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. அதுவரை புதுக் கேமரா விளம்பரங்களைப் பார்க்கும் நேரத்தில், கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணி வெளிச்சத்தில் வெளியே போங்கள்.